நல்லா பாத்தியா?

ஊசி குத்துவதில் அவளை அடிக்க அந்த லேப்பில் ஆள் கிடையாது. குழந்தையின் பஞ்சுக் கை, படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் வற்றிய கை, நரம்பு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றே தெரியாத தடித்த கை, எதைக் கொடுத்தாலும் ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். குத்தும்போது மட்டும்தான் அந்தக் கை நிதானமாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் அதற்கு இருப்புக் கொள்ளாது. பேனா மூடியைக் கழற்றும், மாட்டும், மறுபடி கழற்றும். ட்யூப்பில் ஒட்டிய பெயர்ச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஒட்டியது சரிதான் என்று தெரிந்த பிறகும் பார்க்கும்.

லேப்பில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி பிரியம், பாதி குத்தல். அவள் நிஜமாகவே மருத்துவம் படித்தவள். கடல் தாண்டிப் போய் ஆறு வருடம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். ஆனால் வெளியே படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால் உரிமத் தேர்வு ஒன்று எழுதியாக வேண்டும். மொத்தம் முந்நூறு கேள்வி. நூற்று எண்பது சரியாக இருந்தால் டாக்டர். நூற்று எழுபத்தொன்பது என்றால் ஊசிக்காரி. இதில் ஒருவருக்கு ஐந்து வாய்ப்புதான். ஐந்தாவதிலும் கோட்டைவிட்டால் அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு தூசி துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டாக்டரம்மா நான்கு முறை எழுதியிருந்தாள். நான்கு முறையும் போயிற்று. ஐந்தாவதற்கு ஏழே வாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தச் செய்தி வர வேண்டும்?

கொண்டுவந்தவள் மேசையக்கா. வாசலில் மேசை போட்டு வருகிறவர்களின் பெயரைப் பதிகிறவள். மனசு தங்கம். வாய்க்குத்தான் கதவு கிடையாது. காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றோடு வந்து காபி குடிக்காத கடுப்பில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"டாக்டரம்மா, இதக் கேட்டியா? கேள்வி கேட்டா பதில் சொல்லுமே அந்த ஏஐ, அதுக்கு டாக்டர் பரிட்சை வச்சுப் பாத்திருக்காங்க. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வாங்கிடுச்சாம்."

"வாங்கட்டும்கா. அதுக்கென்ன, வீடா வாசலா, சமைக்கணுமா, துவைக்கணுமா?"

"அதுவும் சரிதான். ஆனா பாரேன், அது ஒரே தடவைல..." என்று ஆரம்பித்த மேசையக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்? பாதி சொன்னது முழுசாகச் சொன்னதைவிட மோசம். காத்திருந்தவர்களில் ஒருவர், ஆயிரம் பேரைக் கொன்றால்தானே அரை வைத்தியன், இந்த மிஷின் எத்தனை பேரைக் கொன்றதாம் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கையுறைப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், எதற்குத் திறந்தோம் என்று மறந்துபோனாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே போட்டி தொடங்கிவிட்டது. வீட்டுச் சமையலறை மேடையில் தலையணை தடிமனுக்கு ஒரு கேள்விப் புத்தகம். பக்கத்தில் ஃபோனில் அந்த ஏஐ. இவள் ஒரு கேள்வியைப் படித்து மனசுக்குள் விடை சொல்லிக்கொள்வாள். பிறகு அதையே அதனிடம் கேட்பாள். அது ஒரு நொடி யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு, பட்டென்று விடையைச் சொல்லும். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று, கை கட்டி நின்று விளக்குகிற மாதிரி, வெகு மரியாதையாக விளக்கும். முதல் நாள் ஐம்பது கேள்வி. அதற்கு நாற்பத்தேழு, இவளுக்கு முப்பத்து நான்கு. இரண்டாம் நாள் அதற்கு நாற்பத்தாறு, இவளுக்கு முப்பத்தொன்று. மூன்றாம் நாள் எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் பொறாமைதான். ஒரு ஃபோன் மேல் பொறாமை. உட்கார்ந்து படிக்க முடியவில்லை; குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே படித்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். அடுப்பில் வைத்த பால் மூன்று நாளும் பொங்கி வழிந்தது. ராத்தூக்கம் பெயருக்குத்தான்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடமோ, ஆறு மாடி ஆஸ்பத்திரியோ, லிஃப்ட் எங்கே நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு வழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் "நல்லா பாத்தியா?" என்று கேட்பார். கதவைப் பூட்டினால் நல்லா பாத்தியா. கேஸை அணைத்தால் நல்லா பாத்தியா. பேருந்து எண்ணைச் சொன்னால் நல்லா பாத்தியா. குற்றம் சொல்லவும் முடியாது. அவர் வேலை அப்படி. அந்தத் தொழிலில் ஒரு தடவை பார்த்தது போதும் என்று நினைத்தவனுக்குக் கையில் விரல் குறைந்துபோகும், இல்லையென்றால் ஆளே குறைந்துபோவான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளந்து போட்டுவிட்டு, ஆற்றில் குதித்து இன்னொரு முறை அளக்கிற ரகம். நான்கு தேர்வுக்கும் அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். நான்கு முறையும் வாசலில் நிறுத்தி அதே வார்த்தை. "முடிச்சிட்டு சும்மா இருக்காத. இன்னொரு தடவ நல்லா பாரு."

நான்காம் நாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இவள் முகத்தைப் பார்த்தார். முகம் உப்பியிருந்தது.

"என்ன, இன்னைக்கும் அதுதான் ஜெயிச்சுதா?"

"எதக் கேட்டாலும் டாண் டாண்ணு சொல்லுதுங்க. ஒரே ஒரு தடவ தடுமாறுனா போதும், நான் உக்காந்து சாப்பிடுவேன்."

"நமக்கு அடங்காத மிஷினா? இங்க குடு பாப்போம்."

ஃபோனை வாங்கி மேடைமேல் சாய்த்து வைத்தார். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்கிற மாதிரி அதை மாற்றி வைத்தாள் இவள். புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐம்பத்தெட்டு வயது ஆள். மாசக்கணக்கில் அசதி. நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது. இரண்டு காலும் மரத்துப்போகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கின்றன. என்ன குறைவு? அ, இரும்புச்சத்து. ஆ, ஃபோலிக் அமிலம். இ, தைராய்டு சுரப்பு. ஈ, வைட்டமின் பி ட்வெல்வ்.

"சரியான விடை ஈ. வைட்டமின் பி ட்வெல்வ் குறைபாடு" என்றது ஃபோன். காரணமும் சொன்னது.

வீட்டுக்காரர் லிஃப்ட் பெட்டிக்குள் தலையை விடுகிற மாதிரி ஃபோன் பக்கம் குனிந்தார். வேறு எதுவும் அவருக்குக் கேட்கத் தெரியாது. தெரிந்ததைக் கேட்டார்.

"நல்லா பாத்தியா?"

ஃபோன் ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு சொன்னது: "சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி. மீண்டும் கவனமாகப் பார்த்தேன். என் முந்தைய விடை தவறு, மன்னிக்கவும். சரியான விடை ஆ, ஃபோலிக் அமிலக் குறைபாடு." அதற்கும் மூன்று காரணம் அடுக்கியது. முதல் விடைக்குச் சொன்ன அதே மரியாதை, அதே உறுதி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இது சரியான ஆமாஞ்சாமியால்ல இருக்கு" என்றவர், விடுவதாக இல்லை. "இப்பவாவது நல்லா பாத்தியா?" என்று மறுபடி கேட்டார். அது மறுபடி நன்றி சொல்லி, மறுபடி மன்னிப்புக் கேட்டு, தைராய்டுக்குப் போய் நின்றது.

"தொண்ணூறு வாங்குன மூஞ்சியப் பாரு" என்று தொடையைத் தட்டினார். திரும்பிப் பார்த்தால் இவள் சிரிக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?"

"அது மொதல்ல சொன்னதுதான் சரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கால் மரத்துப்போகுதுன்னு போட்டிருக்குல்ல. ஃபோலிக் குறைஞ்சா ரத்தம் மட்டுந்தான் கெடும், காலு மரக்காது. பி ட்வெல்வ் குறைஞ்சாத்தான் நரம்ப பாதிக்கும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தக் கேள்வியே."

"அப்புறம் ஏன் மாத்துச்சு?"

"நீங்க கேட்டீங்கள்ல. அதான் மாத்திடுச்சு. நீங்க புதுசா ஒண்ணும் சொல்லல. நல்லா பாத்தியான்னு மட்டுந்தான் கேட்டீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உறைத்தது. பரிட்சை ஹாலில் அந்த மிஷினை யாரும் நல்லா பாத்தியா என்று கேட்கவில்லை, தொண்ணூறு வாங்கிவிட்டது. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் மாட்டிய அரை நிமிடத்தில் தெரிந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கிறது. அவளுக்கோ பரிட்சை ஹாலிலும் கேட்கும். நான்கு தடவையும் கேட்டது. கடைசி முக்கால் மணி நேரம் முழுக்க, காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, இந்த மனிதரின் குரலிலேயே கேட்டது.

தேர்வு வாரியம் ஒவ்வொரு முறையும் ஒரு நீளமான அறிக்கை அனுப்பும். கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. எந்தக் கேள்விக்கு முதலில் எதைத் தொட்டாய், பிறகு எதற்கு மாற்றினாய் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இவள் முதல் பக்கத்தில் மதிப்பெண்ணைப் பார்த்ததோடு மூடிவிடுகிறவள். மூடாமல் வேறு என்ன செய்வாள்? செத்தவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அன்றைக்குத்தான் நான்காவது தேர்வின் அறிக்கையைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போனாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார்.

மாற்றியது மொத்தம் நாற்பத்து மூன்று. தவறை மாற்றிச் சரியாக்கியது ஆறு. தவறை மாற்றி இன்னொரு தவறாக்கியது எட்டு. சரியாக இருந்ததை மாற்றித் தவறாக்கியது இருபத்தொன்பது. அந்தத் தேர்வில் அவள் வாங்கியது நூற்று அறுபத்தொன்பது.

அவர் தாளில் கூட்டினார், கழித்தார். இன்னொரு முறை கூட்டினார். "மாத்தாமலே விட்டிருந்தா நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றார்.

சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்: அந்த எண்ணைக் கேட்ட பிறகு அரை மணி நேரம் அவள் அவரை வெறுத்தாள். அவர் உட்கார்ந்திருந்த விதத்தை, நகக்கண்ணில் மிச்சமிருந்த கிரீஸை, அந்த நல்ல மனசை, எல்லாவற்றையும் வெறுத்தாள். ஊரில் மற்றவர்கள் புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான். இவள் புருஷன் அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"என்னாலயா?" என்று கேட்டார் அவர். குரல் இறங்கியிருந்தது. "உன்னோட இத்தன வருசத்தையும் நான்தான் தின்னுட்டேனா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "தெரியலங்க" என்றாள். அது அவரை அடித்ததைவிட மோசமாக அடித்தது.

மறுநாளிலிருந்து அந்த வார்த்தை வீட்டைவிட்டுப் போய்விட்டது. அவர் அதை விழுங்குவது கண்ணால் பார்க்கத் தெரிந்தது. இவள் கதவைப் பூட்டிவிட்டு வருவாள். அவர் வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். பிறகு செருப்பை மறந்துவிட்ட மாதிரித் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். கேஸ் அணைத்தாயிற்றா என்று பூனை மாதிரி போய்ப் பார்ப்பார். ஒரு வாரம் இப்படி ஓடியது. பார்க்கச் சகிக்கவில்லை. கோபம் போய்ச் சிரிப்பு வந்தது அவளுக்கு, சிரிப்போடு பாவமாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் ஒன்று அவளை விடாமல் அரித்தது. மாற்றவே கூடாது என்று சபதம் எடுத்துவிட்டால் போதுமா? ஆறு கேள்வியை மாற்றித்தானே சரியாக்கியிருக்கிறாள்? அந்த ஆறையும் தேடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. கேள்வியில் ஒரு வார்த்தையைப் பார்க்காமல் விட்டிருந்தாள், அல்லது மறந்த ஒன்று பாதியில் ஞாபகம் வந்திருந்தது. அந்த இருபத்தொன்பதில் ஒரு காரணமும் கிடையாது. வெறும் பயம். ஃபோனுக்கு வந்த அதே வியாதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைக் கவனியுங்கள்.

"கேளுங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்க?"

"அதேதான். ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொல்லுவேன். சொன்னதும் நீங்க அந்த வார்த்தையக் கேக்கணும்."

"வேணாம்மா. அந்த வார்த்தையே வேணாம் எனக்கு."

"நீங்க கேக்காட்டியும் அது உள்ள கேக்கத்தான் போகுது. வெளிய கேட்டுப் பழகுனாத்தான் பயம் போகும். நான் மாத்தணும்னா 'ஏன்னா'ன்னு ஆரம்பிச்சு ஒரு காரணம் சொல்லணும். சொல்ல முடியலன்னா மாத்தக் கூடாது. மாத்துனா என் கைல அடிங்க."

அவர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். பத்துக் கேள்வி போவதற்குள் குரல் ஏறிவிட்டது. அப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கொஞ்சிக் கேட்டார், மிரட்டிக் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர் குரலில் கேட்டார், மேசையக்கா குரலில் கேட்டார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு "பாத்தேன்" என்பாள். சில சமயம் "இருங்க, ஏன்னா..." என்று ஆரம்பிப்பாள். காரணம் வரும், மாற்றுவாள். வராது, விட்டுவிடுவாள். விட்டுவிட்ட பிறகு கை பரபரக்கும். அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். ஐந்து வாரம் அந்த வீட்டில் இதே கூத்துதான். லேப்பில் மேசையக்கா, "ஏன் டாக்டரம்மா, இப்பெல்லாம் தன்னால பேசிக்கிறியே?" என்று கேட்டாள். "பாத்தேன்கா" என்றாள் இவள். மேசையக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தேர்வு நாள் வந்தது. அவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் நிறுத்தினார். வழக்கமாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

பெரிய ஹால். வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், நடுவில் அட்டைத் தடுப்பு. வாட்சைக் கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். காலையில் நூற்றைம்பது, மத்தியானம் நூற்றைம்பது. காலைப் பகுதி எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. கால் மட்டும் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் கடைசிக் கேள்வியை முடித்தபோது திரையில் முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம் காட்டியது. சந்தேகக் குறி போட்டவை இருபத்தேழு.

இந்த முப்பத்தெட்டு நிமிடத்தில்தானே நான்கு தடவையும் தொலைந்தாள்? கடைசி வாய்ப்பு. இதற்குப் பின்னால் ஆறாவது என்று ஒன்று கிடையாது. முதல் குறிக்குப் போனாள். உள்ளே குரல் வந்தது: நல்லா பாத்தியா? ஏன்னா... ஒன்றும் வரவில்லை. பாத்தேன். அடுத்தது. ஏன்னா... வரவில்லை. பாத்தேன். எட்டாவது குறியில் 'கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாது' என்று இருந்தது; 'பொருந்தும்' என்று நினைத்து எழுதியிருக்கிறாள். ஏன்னா, கேள்வியையே தப்பாகப் படித்திருக்கிறாள். மாற்றினாள். இருபத்தேழும் முடிந்தபோது மாற்றியது மூன்றே மூன்று. இருபது நிமிடம் மிச்சம்.

அந்த இருபது நிமிடம் சும்மா இருப்பது இருக்கிறதே, பிரசவ வலியெல்லாம் தோற்றுப்போகும். பக்கத்து ஆள் டக் டக்கென்று விடையை மாற்றிக்கொண்டிருக்கிற சத்தம் வேறு. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். நூற்றுப் பதினாலாவது கேள்வி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. காரணம் இருக்கா? இல்லை. போகாதே. இதற்கு மேல் உட்கார்ந்திருந்தால் கை தானாகப் போய்விடும் என்று தெரிந்தது. ஒரு கையை வெளியே எடுத்து 'முடி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரு பெட்டி முளைத்தது. 'நிச்சயமாக முடிக்க விரும்புகிறீர்களா?'

அடப்பாவி, நீயுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அவள் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

வாசலில் காத்திருந்தவர் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. வண்டியை எடுத்தார். முடிவு வர நான்கு வாரம் ஆகும் என்றார்கள். எழுதிய கேள்விகளில் நாற்பது ஐம்பது அவளுக்கு மனப்பாடமாக இருந்தது; ஏஐயிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். கை துறுதுறுவென்று வரும்போதெல்லாம் ஃபோனைக் கொண்டுபோய் அவர் கருவிப் பையில் ஸ்பானர்களுக்கு நடுவே போட்டுவிடுவாள். சில நாள் அவர் அது தெரியாமல் பையை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்போது எங்கோ ஒரு லிஃப்ட் பள்ளத்துக்குள் இவள் ஃபோன் அடித்துக்கொண்டு கிடக்கும்.

முடிவு வந்த காலையில் அவள் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். ஊசி என்றால் குலை நடுக்கம். இவளைத் தவிர வேறு யாரையும் கிட்டச் சேர்க்க மாட்டார். குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் எந்தெந்தத் தெருவில் எத்தனை நாய்க்குத் தப்பினார் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஊசியை வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவர் சாப்பிடுகிற மாத்திரைக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது. ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது கோட்டுப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

இடது கையால் பஞ்சை அழுத்திக்கொண்டு வலது கையால் எடுத்துப் பார்த்தாள். வாரியத்திலிருந்து. எண்ணைப் படித்தாள். நூற்று எண்பத்தெட்டு. அதன் கீழே ஒரே சொல்: தேர்ச்சி.

ஓட முடியாது. கத்த முடியாது. இடது கை தபால்காரரின் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. மேசையக்கா வாசலில் யாரோடோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாரோ. அறையில் இருந்தது இவர் ஒருவர்தான்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? கெட்ட சேதியா?"

"இல்லீங்க. டாக்டர் பரிட்சை எழுதிருந்தேன். அஞ்சாவது தடவ. பாஸ் பண்ணிட்டேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா நான் டாக்டர். இனிமே ஆஸ்பத்திரில வேலை."

தபால்காரர் இதை நிதானமாக உள்ளே வாங்கினார். முகம் மலரும் என்று இவள் பார்த்திருக்க, அது சுருங்கிப்போனது.

"அப்ப இனிமே எனக்கு யாரு ரத்தம் எடுப்பா?" என்றார்.

நான்கு முறை தோற்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். மேசையக்கா என்னவெல்லாமோ சொன்னபோது கூடச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவள். இப்போது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையில்லை. ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் அவர் கை. கண்ணீர் கையுறைமேல் விழுந்து வழிந்தது. சந்தோஷத்தில்தான் அழுகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், விம்மல்தான் வந்தது.

தபால்காரர் பதறிப்போனார். தன்னால்தான் இந்தப் பெண் அழுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மறு கையின் சட்டையைப் பல்லால் கவ்வி முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தக் கையையும் அவள் முன்னால் நீட்டினார்.

"சரி சரி, அழாதீங்க டாக்டர்" என்றார். "வேணும்னா இந்தக் கையிலயும் ஒரு தடவ குத்திக்கோங்க."